நானூறு பேர் காட்டிய கரை

"கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏரிக்கரை எதுன்னு எங்க ஊர்ல நானூறு பேருக்கும் கால் சொல்லும் சார். ஒரு விரற்கடை பிசகாது!" என்றார் குடியிருப்போர் சங்கத் தலைவி மரகதவல்லி.

சர்வேயர் தனசீலனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புது வரைபடத்தில் அந்த வறண்ட ஏரி வீட்டுமனை ஆகியிருந்தது. ஆட்சேபம் சொல்ல அன்றுதான் கடைசி நாள்.

"எங்கே, நடக்கச் சொல்லுங்கம்மா, பார்ப்போம்" என்று பொட்டல் நடுவில் போய் நின்றுகொண்டார்.

நானூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு நாலா பக்கமிருந்தும் நடந்து வந்து, சட்டென்று நின்றார்கள். வளைந்து நெளிந்து ஒரு கரை உண்டாயிற்று. உடனே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தண்ணீர் ஏறியது, ஏறியது, எண்ணூறு கட்டைவிரல்களையும் தொட்டது. அதற்குமேல் ஒரு சொட்டு ஏறவில்லை.

"இப்ப என்ன சார் எழுதப் போறீங்க?"

தனசீலன் எழுதினார்: 'ஏரி இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.'