ராணியின் வாய்

பள்ளிச் சுவரில் ராணி வாயில்லாமல் நின்றாள். குதிரை, வாள், கண்கள் எல்லாம் வந்தாயிற்று. நாளைக்குத் திறப்பு விழா. படை நடத்திய அந்த ராணிக்குப் பழைய படம் எதுவும் கிடையாது என்பதால், பிள்ளைகளை ஆளுக்கொரு பாகமாக, தங்களுக்குத் தெரிந்த பெண்களைப் பார்த்து வரையச் சொல்லியிருந்தாள் அமலி டீச்சர். வாய் சுகிர்தாவின் பங்கு.

“வாய் எங்கடி?” அமலிக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

“படையைப் பார்த்துக் கத்துற வாய் வேணும்னீங்கல்ல டீச்சர். அம்மா, சித்தி, எதிர்வீட்டு அக்கா எல்லார்கிட்டயும் கேட்டேன். கத்திக் காட்டுங்கன்னா கையால வாயை மூடிக்கிறாங்க. நீங்களாவது ஒருதடவை கத்துங்க. பார்த்து வரைஞ்சிடுறேன்.”

எட்டாம் வகுப்பு மொத்தமும் பிரஷைப் பிடித்தபடி திரும்பியது. இதென்ன பிரமாதம் என்று அமலி முந்தானையை இழுத்துச் செருகினாள். ராணியைப் போலவே காலை அகட்டி நின்று, மூச்சை நன்றாக இழுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், தலைமையாசிரியர் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

சுகிர்தா சுவரில் வைக்கப்போன பிரஷை அப்படியே நிறுத்தினாள்.

“டீச்சர், கையை எடுங்க.”