சனிக்கிழமைத் திட்டு

"எந்திரி! எந்திரிங்கிறேன்ல! என் கடை முன்னால குந்திக்கிட்டு யாவாரமா பண்ற? உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?"

மலையூரான பிரிஞ்சாங்கின் சனிக்கிழமை இரவுச் சந்தையே திரும்பிப் பார்த்தது.

கறி வைத்து மடித்த முர்தாபாக் ரொட்டி போடும் கடைக்காரர் ஷஹாபுதீன், கையில் கரண்டியோடு, தெருவோரம் சாக்கு விரித்துக் கீரை விற்ற அம்மாக்கண்ணுவைத்தான் அப்படி விரட்டிக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள், ஐம்பது வயதிருக்கும். சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் நின்ற வேன் பக்கமாகப் போய் மறைந்தாள்.

அவள் விட்டுப்போன கீரைக் கூடைக்கு அவர் காலால் ஓர் எத்து. அது சறுக்கிக்கொண்டு கடை மேசைக்கு அடியில் போனது.

அண்ணனோடு சந்தைக்கு வந்திருந்த யுவனேஸ்வரிக்கு ரத்தம் கொதித்தது.

"பாத்தியாண்ணே? காலால எத்துறான்! அந்தம்மா சாப்பாடு அது!"

"வா, போலாம்லா," என்றான் சசிதரன், அவித்த சோளத்தைக் கடித்தபடி. "லீவுல வந்தமா, ஸ்ட்ராபெரி வாங்குனமா, வீட்டுக்குப் போனமான்னு இரு. யூனிவர்சிட்டியில பேசிக் கப்பு வாங்குனது போதும். இந்த பாசார் மாலாம் சந்தையில எல்லாம் கப்பு குடுக்க மாட்டாங்க."

கப்பு சும்மா வரவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு ஐ.சி. என்கிற அடையாள அட்டையோடு காலம் தள்ளுகிறவர்களைப் பற்றிப் போன மாதம் மேடையில் அவள் பேசிய பேச்சுக்கு, நடுவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்பேர்ப்பட்டவள் இதைப் பார்த்துவிட்டு ஸ்ட்ராபெரி வாங்கப் போவாளா?

நேரே கடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பாய், இந்த ரோடு என்ன உங்க வீட்டு வாசலா?"

"உனக்கு என்ன தங்கச்சி வேணும்? கோழியா, சார்டினா?"

"நியாயம் வேணும்!"

"அது நம்ம கடையில போடுறதில்ல."

பக்கத்துக் கடைக்காரன் சிரித்துவிட்டான். யுவனேஸ்வரிக்கு இன்னும் ஏறியது.

"அந்த அக்கா வித்தது ரெண்டு கட்டு கீரை. அதுல உங்க யாவாரம் படுத்துருமா? கூடைய எத்துறதுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

ஷஹாபுதீன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார். குரல் திடீரென்று இறங்கியது.

"அப்பறமா வா தங்கச்சி, எவ்வளவு வேணும்னாலும் சண்ட போடு. இப்பப் போயிரும்மா."

"ஏன், பயமா இருக்கா? ஏழைப் பொம்பளைய மிரட்டத் தெரியுது. கேள்வி கேட்டா மட்டும் வேர்க்குதா?"

நிஜமாகவே வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

யுவனேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். சீருடை போட்ட அமலாக்க அதிகாரிகள் இரண்டு பேர், கடை கடையாக லைசென்ஸைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நல்ல நேரத்தில் வந்தார்கள்!

"தங்கச்சி, வேணாம்..."

அதற்குள் அவள் ஓடிவிட்டாள். சரளமான மலாயில் ஒன்று விடாமல் கொட்டினாள். திட்டியது, விரட்டியது, காலால் எத்தியது.

"கூடை எங்கே?" என்றார் மூத்த அதிகாரி.

விறுவிறுவென்று வந்து, மேசையில் தொங்கிய பிளாஸ்டிக் துணியைத் தூக்கிக் குனிந்தாள். அடியில் விரித்திருந்த பழைய கம்பளி ஒன்று கையில் சிக்கியது. உதறித் தள்ளிவிட்டுக் கூடையை வெளியே இழுத்தாள். கீரையும் சௌசௌவும் ஒரு இலைகூட நசுங்காமல் இருந்தன.

"இதோ ஆதாரம்!"

அதிகாரி கூடையைப் பார்த்தார். பிறகு ஷஹாபுதீனைப் பார்த்தார்.

"லைசென்ஸ் இல்லாமல் விற்ற சரக்கு. உன் மேசைக்கு அடியில் எப்படி?"

தகட்டில் முர்தாபாக் கருகியது. ஷஹாபுதீன் அதை எடுக்கவும் தோன்றாமல் நின்றார்.

கம்பத்தில் தொங்கிய அவருடைய லைசென்ஸை அதிகாரி கழற்றிக்கொண்டார். "விசாரணை முடியும்வரை உனக்கு இங்கே இடமில்லை." கூடை அவர்களுடைய லாரியில் ஏறியது.

போகிற போக்கில் அந்த மூத்தவர் யுவனேஸ்வரியிடம் சிரித்தார். "நன்றி தங்கச்சி. இப்படி யாரும் முன்வந்து காட்டிக் கொடுப்பதே இல்லை."

அவள் நெஞ்சு நிமிர்ந்தது. சசிதரனைத் தேடினாள். அவன் சோளத்தைத் தின்பதை நிறுத்திவிட்டு, அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

லாரி திருப்பத்தில் மறைந்த பிறகுதான் வேனுக்குப் பின்னாலிருந்து அம்மாக்கண்ணு ஓடி வந்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வெறும் கம்பளிதான் கிடந்தது.

யுவனேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள். "பயப்படாதீங்கக்கா. கூடைய நான் பேசி வாங்கித் தர்றேன். இந்த ஆளு லைசென்ஸையே பிடுங்கியாச்சு. இனிமே உங்கள ஒரு வார்த்தை திட்ட முடியாது!"

அம்மாக்கண்ணு கையை உதறினாள். அக்குளிலிருந்த சாக்கு அவள் காலடியில் வந்து விழுந்தது.

"உன்னை யாருடி கேட்டா? எனக்கு இருக்கிறது சிவப்பு ஐ.சி. லைசென்ஸ் எவன் குடுப்பான்? அவனுங்க தூரத்துல வர்றது கண்ணுல பட்டாத்தான்டி அந்த மனுசன் திட்டவே ஆரம்பிப்பாரு..."

மேசைக்கு அடியில் கிடந்த கம்பளியை இழுத்து மடித்தாள்.

"இனிமே என்னை யாருடி திட்டுவா?"