கை சும்மாதானே இருக்கு?

"ஏழு மாசக்காரிய ஒரு நிமிஷம் உக்கார விடுறாளா பாரு! நாத்தனாரா அவ? சனீஸ்வரி!"

எதிர்வீட்டு இருசம்மாள் இதைக் கீரைக்காரியிடம் ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் ரகசியம் பேசினால் பாதிச் சிதம்பரத்துக்குக் கேட்கும்.

காயத்ரிக்கும் கேட்டது. காதில் தேன் பாய்ந்தது.

பின்னே, பொய்யா? புருஷன் அருண்குமார் காலையில் கடலூர் பஸ் ஏறினால் போதும், இரண்டு வீடு தள்ளியிருக்கும் அவன் அக்கா அமிர்தம் 'டொக் டொக்' என்று வந்து நிற்பாள். காயத்ரி டி.வி. முன்னால் சாய்ந்திருப்பாள். வலது கை தானாக இடது முழங்கைப் பக்கம் போயிருக்கும். அப்போது பார்த்து அந்த வெண்கலக் குரல்.

"என்னா, கை சும்மாதானே இருக்கு?"

மடியில் 'தொப்'பென்று ஒரு முறம் விழும். அது நிறைய முந்திரிப் பருப்பு. மேல்தோல் போகாத பருப்பு.

"உரிச்சுப் போடு. ஒண்ணு உடையக் கூடாது. அண்ணாகிராமத்துப் பொண்ணுக்கு முந்திரி உரிக்கத் தெரியலன்னா ஊரு சிரிக்கும்."

முந்திரியைப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அமிர்தத்தின் வியாபாரம். வியாபாரம் அவளுக்கு, நகக்கண் வலி காயத்ரிக்கு.

அதைவிடப் பெரிய வலி ஒன்று ஜாக்கெட் கைக்குள் இருந்தது.

பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். தோலில் ஒரு சொரசொரப்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் தீர்ந்தது. நோண்டி, கிள்ளி, பிய்த்து, ரத்தம் பார்க்காமல் ஓயாது. அந்த நேரம் மனசுக்கு ஓர் அமைதி. அடுத்த நிமிஷம் அவமானம். குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுவாள். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட். குளிக்கும்போதுகூடத் தன் கையைப் பார்க்க மாட்டாள்.

பெண் பார்க்க வந்த அன்று காபி நீட்டும்போது ஜாக்கெட் கை கொஞ்சம் மேலேறிவிட்டது.

"கையில என்னாம்மா காயம்?" என்றாள் அமிர்தம்.

"முந்திரிக் கொட்டை எண்ணெய் பட்டு வெந்துடுச்சு அண்ணி."

முந்திரி வியாபாரியிடமே முந்திரிப் பொய்!

"ஓஹோ!" என்றாள் அமிர்தம், மூக்கால். அந்த 'ஓஹோ'வைக் காயத்ரி இன்னும் மறக்கவில்லை.

இப்போது வளைகாப்பு வேறு. வருகிற பெண்கள் எல்லாரும் கையைப் பிடித்துச் சந்தனம் பூசி வளையல் போடுவார்கள்.

அம்மா போனிலேயே மூக்கைச் சிந்தினாள். "கைய வெச்சிக்கினு ஒழுங்கா இருடின்னு எத்தினி தடவ அடிச்சுக்கிட்டேன்! தோல் வியாதின்னு சொல்லிடுவாங்கடி. மயக்கமா வருதுன்னு சொல்லி ஃபங்ஷன நிறுத்திடு."

காயத்ரி நாத்தனாரிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். "அண்ணி, அன்னிக்கும் முழுக்கை ஜாக்கெட்டே போட்டுக்கிறேனே..."

"துணி மேல வளையல் போட நீ என்னா ஜவுளிக்கடை பொம்மையா? குட்டைக் கைதான். தைக்கக் குடுத்தாச்சு."

சனீஸ்வரிதான். சந்தேகமே இல்லை.

வளைகாப்பு அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பன்னீரில் குழைத்த சந்தனம். புண்ணில் பட்டால் சுருக்கென்று எரியும். பல்லைக் கடித்தாள்.

அமிர்தம் முழங்கை வரை பூசினாள்.

எரியவில்லை.

அடுத்த கை. அதுவும் எரியவில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு தன் கையைப் பார்த்தாள். வெளிறிய தழும்புகள் இருந்தன. புண் ஒன்றுகூட இல்லை. கடைசியாகக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எப்போது? ஞாபகமே வரவில்லை.

"இது என்னாடி புள்ளி புள்ளியா?" இருசம்மாள் வளையலோடு குனிந்திருந்தாள். வழக்கம்போல ஹால் முழுக்கக் கேட்டது.

முந்திரிப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. காயத்ரி அதை விழுங்கினாள்.

"நானே கிள்ளிக்கிறதுதான் பெரியம்மா. சின்ன வயசுப் பழக்கம்."

"ப்பூ! என் மருமவ நகத்தையே தின்னுக்கினு இருக்கா" என்று சிவப்பு வளையலை மாட்டிய இருசம்மாள், "வடை போட்டாச்சா?" என்று பந்திப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அவ்வளவுதானா? இத்தனை வருஷம் பயந்தது இதற்கா! காயத்ரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பண்ருட்டியிலிருந்து அமிர்தத்துக்கு முந்திரி அனுப்பும் ராஜவேல், பலாப்பழத்தோடு வந்திருந்தார். அவரிடம் விளையாட்டாகவே முறையிட்டாள்.

"மாமா, அடுத்த மூட்டையாவது உரிச்சுக் குடுங்க. எங்க அண்ணி என் நகத்தைத் தேய வெச்சுட்டாங்க."

ராஜவேல் முழித்தார்.

"நான் எப்பவும் மெஷின்ல உரிச்சதுதானேம்மா அனுப்புறேன்? உங்க கல்யாணத்துக்கு அப்புறம்தான், ஒரு மூட்டை மட்டும் தனியா தோலோட வேணும்னு அமிர்தம் ஒரே அடம். எதுக்குன்னு கேட்டேன். 'எங்க வீட்டுப் பொண்ணு அவ தோல விட்டுட்டு வேற எதையாவது உரிக்கட்டும்'னு சொல்லிச்சு. எனக்கு ஒண்ணும் புரியல."

காயத்ரி திரும்பிப் பார்த்தாள். பந்தியில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள் அமிர்தம். காயத்ரியின் விரல், அது பாட்டுக்கு, வளையலைத் தாண்டி முழங்கையைத் தேடிப் போனது.

"காயத்ரி! கை சும்மாதானே இருக்கு?"

"பாத்தியா, வளைகாப்பு அன்னிக்கும் விடமாட்டேங்குறாளே!" என்று வாய் நிறைய வடையோடு ஆரம்பித்தாள் இருசம்மாள்.

காயத்ரி வளையல் குலுங்க இரண்டு கையையும் நீட்டினாள்.

"சும்மாதான் இருக்கு. குடுங்க அண்ணி!"