நாற்பது குடம்

அளவெடுக்க வந்தவர் வரப்பில் குந்தி உட்கார்ந்து, டேப்பை இழுத்து, அவளுடைய தக்காளிச் செடியை அடியிலிருந்து நுனிவரை அளந்தார். அறுபத்திரண்டு.

நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். அதே அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

அவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு நின்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தம்பி தங்கமானவர். சின்ன விவசாயிகளுக்கு மலிவு விலையில் சொட்டுநீர்க் குழாய் போட்டுத்தரும் கம்பெனியில் வேலை. மூன்று மாதத்துக்கு முன் சீட்டுக் குலுக்கிப் போட்டதில், குழாய் பக்கத்து வயல் ஓரகத்திக்கு விழுந்தது. இவளுக்கு மாதாமாதம் இந்த அளவெடுப்பு மட்டும்.

குழாய் கொடுக்கப் போகாத வயலை எவனாவது வேலை மெனக்கெட்டு அளப்பானா? தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். உழைக்கிறவளா, சோம்பேறியா என்று பார்க்கிறார்கள். நன்றாகப் பார்க்கட்டும்.

ஓரகத்தி காலையில் குழாயைத் திருப்பிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள். இவள் கால்வாய்க்கும் வயலுக்கும் நடையாய் நடந்தாள். இருபது குடம் சுமந்தவள் நாற்பது சுமந்தாள்.

வயிற்றில் ஐந்து மாதம். கனம் தூக்கினால் தங்காது என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தாள். ஏற்கெனவே ஒன்று தங்கவில்லை. இந்த மாதம் குழாய் வந்துவிட்டால் குடத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தாள். பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் கழித்துவிடுவார்களோ என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவர் நோட்டைப் புரட்டினார். ஓரகத்தியின் செடி அறுபத்து நான்கு. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

“எனக்கும் குழாய் உண்டுதானே தம்பி?”

“காரியத்தையே கெடுத்துட்டீங்களே அக்கா. குழாய் இல்லேன்னா செடி எவ்வளவு குறையுதுன்னு காட்டத்தான் உங்க வயலை வெச்சிருக்கோம். மூணு வருஷத்துக்கு உங்களுக்குக் குழாய் கிடையாது. நீங்க பாட்டுக்கு இப்படி ஊத்தினா, நான் எதைக் காட்டுறது?”

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. முந்தானை விலகியது.

அவர் பார்த்துவிட்டார். எத்தனை மாதம் என்று கேட்டார். கூடப் பிறந்தவன் கேட்பதுபோல் அவ்வளவு அக்கறை அந்தக் குரலில். ஐந்து என்றாள். மனம் இளகிவிட்டது, தருவார் என்று நினைத்தாள்.

அவர் முகம் தெளிந்தது. போனை எடுத்து ஆபீசுக்குப் பேசினார்.

“சார், இந்த வயலை லிஸ்ட்லேருந்து எடுக்க வேண்டாம். அக்கா மாசமா இருக்காங்க. இன்னும் ஒரு மாசம் போனா குடம் தூக்க முடியாது. செடி தானா வாடிடும்.”