பாதித் தொட்டி டீசல்

"பெட்ரோலா, டீசலா?" என்று பங்க்கில் கேட்டபோது திருமேனிநாதருக்கு விடை தெரியவில்லை, பெட்ரோல் என்றுவிட்டார். பதினாறு ஆண்டுகள் அந்தக் காரை ஓட்டியவள் அவர் மனைவி மங்கையர்க்கரசி. வண்டி எங்கே நின்றாலும் அவர் இடப்பக்க இருக்கையில் கண்மூடிப் பதிகம் ஓதிக்கொண்டிருப்பார். அவள் எதை நிரப்பினாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் மறைந்தபின் முதன்முறையாக அவரே ஓட்டிய வண்டி, இரண்டு தெரு தாண்டி இருமி நின்றது. மெக்கானிக் சூசை தொட்டியை வடித்தான்.

"இத்தன வருசம் ஏறி உக்காந்த வண்டி, எது குடிக்கும்னு தெரியாதா சாமி? பாதித் தொட்டி டீசல் முன்னாடியே இருந்திருக்கு. அம்மா போட்டதா?"

"ஆமாம், போன மாசியில. அத மட்டும் தனியா எடுத்துத் தர முடியுமாப்பா?"

"கலந்துபோச்சுங்களே."

வாளியில் மஞ்சளாய்க் கிடந்ததை அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். மாலையில் புது டீசல் ஊற்றிச் சூசை சாவியை நீட்டினான்.

"ஏறுங்க சாமி, ஓட்டிப் பாருங்க."

திருமேனிநாதர் வண்டியைச் சுற்றிப்போய், இடப்பக்கக் கதவைத் திறந்து அமர்ந்தார். கண்களை மூடிப் பதிகத்தைத் தொடங்கினார். சாவி இன்னும் சூசையின் கையில் இருந்தது.