தாத்தா காலத்து ஸ்கோப்

குறுக்குக் கோடு எதிர்க்கடைத் தையல்காரரின் நெஞ்சில் போய் நின்றது. "அசையாதேய்யா, அப்படியே இரு..." என்று முணுமுணுத்தபடி அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

பயப்பட வேண்டாம், கையில் துப்பாக்கி இல்லை. அதன் மேல் மாட்டுகிற ஸ்கோப் மட்டும்தான். பழைய ஸ்கோப் எதைக் கொடுத்தாலும் எந்தக் காலத்துச் சரக்கு என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவான். பிழைப்பே அதுதான் என்பதால் ஸ்கோப்காரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இன்று கொண்டுவந்திருப்பது அண்ணி. தாயில்லாத குறை தெரியாமல் அவனை வளர்த்தவள்.

"இவரோட பழைய துப்பாக்கியில இருந்ததுப்பா. ஒருத்தர் விலைக்குக் கேக்குறாரு. பார்த்தாலே எப்பச் செஞ்சதுன்னு யாராச்சும் கண்டுபிடிச்சிடுவாங்களா?"

"என்னால முடியலைன்னா எவனாலயும் முடியாது அண்ணி. ஏன், பழசு இல்லைன்னா விலை போகாதேன்னு கவலையா?"

அண்ணி சிரிக்கவில்லை.

இத்தனை நாளும் அந்த ஸ்கோப்பைக் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவன் அவன். அண்ணனின் உயிரைக் குடித்த துப்பாக்கியில் இருந்தது அது. அந்தி நேரத்து வேட்டையில், புதருக்குள் அசைந்ததைக் காட்டுப்பன்றி என்று நினைத்து அண்ணனின் நண்பன் சுட்டுவிட்டான். "எங்க தாத்தா காலத்து ஸ்கோப், ஒண்ணுமே தெரியலையே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

போலீஸ் விசாரித்தபோது அந்த நண்பனுக்காகப் பேசியது வேறு யாருமில்லை, நம் ஸ்கோப்காரன்தான். "அந்தக் காலத்துக் கண்ணாடியில, அந்தி வெளிச்சத்துல, பன்றியும் மனுஷனும் ஒண்ணுதான் சார்" என்றான். தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னான். பிறகு, தனிமரமாக நின்ற அண்ணியை முன்னால் நின்று அதே நண்பனுக்குக் கட்டிவைத்ததும் அவனேதான்.

இப்போது ஸ்கோப்பின் மேலிருந்த, குறியைச் சரிசெய்யும் திருகைத் திருப்பினான். அந்தக் காலத்து ஸ்கோப்பில் திருகத் திருகக் குறுக்குக் கோடு நடுவை விட்டு ஒதுங்கிப் போகும். இதில் நட்டநடுவிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

விளக்கடியில் சாய்த்துப் பார்த்தான். கண்ணாடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மினுமினுப்பு. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் கண்ணுக்குக் கொண்டுவரும் பூச்சு அது. தாத்தா காலத்தில் இதெல்லாம் ஏது?

மறுபடி ஜன்னலுக்கு வந்தான். வெளியே நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது; வெறும் கண்ணுக்குத் தையல்காரர் ஒரு நிழல்தான். ஸ்கோப்பிலோ, அவர் ஊசியில் நூல் கோப்பது தெரிந்தது.

"அண்ணி..." ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து இறக்கினான். "இது பழசே இல்ல. அண்ணன் செத்தப்ப இது புதுசு. அந்தப் பாவிக்கு அண்ணன் முகம் மூக்கும் முழியுமாத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சேதான் சுட்டிருக்கான்!"

தலையில் அடித்துக்கொண்டான்.

"கூடவே இருந்து குழி பறிச்சுட்டானே! நானும் மடையன் மாதிரி அவனுக்காகப் பேசி, உங்களையும் அவன் கையில பிடிச்சுக் கொடுத்துட்டேனே அண்ணி!" தேம்பித் தேம்பி அழுதான்.

எந்த நிமிஷமும் அண்ணி மயங்கி விழுந்துவிடுவாள் என்று பதறி, தாங்கிப் பிடிக்க ஓடினான். அவள் விழவில்லை. ஸ்கோப்பை அவன் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, எரிச்சலோடு உச்சுக்கொட்டினாள்.

"அன்னைக்கே ஆத்துல வீசுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், அந்த மனுஷன் கேட்டாத்தானே!"