வெள்ளைப் பூ வந்தால் வைத்தியம்

ஸ்ரீமதிக்குப் பரம்பரை ரத்த நோய். அண்ணனின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவளுக்குச் செலுத்தினால் குணமாகலாம், ஆபத்தும் உண்டு என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

"நல்லா இருக்கிற பயலையும் படுக்கப் போடுவீகளா? நடக்காது!" என்று கத்தினார் தாத்தா பொன்னுச்சாமி.

"அப்பா சொன்னாச் சரிதான்" என்றான் அவர் மகன் முருகன், ஸ்ரீமதியின் அப்பா, மின்விசிறியைப் பார்த்தபடி.

கடைசியில், சின்னாளப்பட்டி அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுக்க வேண்டும்; வெள்ளைப் பூ வந்தால் வைத்தியம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

மறுநாள் காலை, முருகனின் மனைவி சூர்யகலா முந்திக்கொண்டு பூசாரியிடம் ஓடினாள்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வச்சிருங்க சாமி. எம் மக பொழைக்கணும்."

"உங்க மாமனாரு நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரேம்மா."

"சிவப்பா?"

"ரெண்டுலயும் வெள்ளை. எல்லாரு முன்னாடியும் கத்திட்டு, இப்பப் போயி மாத்திப் பேச முடியுமான்னாரு. பின்னாடியே உங்க வீட்டுக்காரரும் வந்து அதையேதான் கேட்டாரு."

சற்று நேரத்தில் குடும்பமே சன்னிதியில் நின்றது. ஸ்ரீமதி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"எனக்கு இஷ்டமில்லதான். ஆத்தாளே சொல்லிட்டா, என்ன பண்ண?" என்று மீசையை முறுக்கினார் பொன்னுச்சாமி.

பெரியவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.